பெயர் மாற்றப்பட்டுள்ளது

அந்தப் பெண்ணுக்குப் பொய்ப்பெயர் வைக்க எனக்கு ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. பேனாவை எடுத்தேன், எழுதினேன், படிவத்தில் அடுத்த கட்டத்தை நிரப்பப் போய்விட்டேன். கடையில் புளி வாங்கும்போதுகூட நான் அதைவிட அதிகமாக யோசிப்பேன்.

எனக்கு ஸ்ரீவில்லிபுத்தூரில் வீடு, ராஜபாளையத்தில் ஒரு கல்லூரியில் ஆங்கில ஆசிரியை வேலை. இது போக, உலகம் முழுக்க நடக்கும் உரிமை மீறல்களை அறிக்கையாக வெளியிடும் ஒரு வெளிநாட்டு அமைப்புக்கும் வேலை பார்த்தேன். எங்கள் பக்கத்து நூல் மில்களில் விடுதியில் தங்கி வேலை செய்யும் பெண்களைச் சந்தித்து, அவர்கள் சொல்வதைப் பதிவு செய்து, ஆங்கிலத்தில் எழுதிக் கொடுக்க வேண்டும். சில வருஷம் இதைச் செய்தேன். நல்ல காரியம் செய்கிறோம் என்ற திமிர் எனக்கு நிறையவே இருந்தது. பஸ்ஸில் சக ஆசிரியைகள் சேலை பற்றிப் பேசினால் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வேன்.

அமைப்பில் அறிக்கைகளைத் திருத்திப் பதிப்பிக்கும் ஆசிரியர் ஒரு பெண்மணி. தூரத்துத் தேசத்தில் உட்கார்ந்துகொண்டு எனக்கு அழகழகாக மின்னஞ்சல் அனுப்புவார். எத்தனை மணி நேரம் வேலை, எத்தனை பேர் ஒரு அறையில் என்ற கணக்கெல்லாம் யாரையும் அசைக்காது, எங்களுக்கு ஒரு மனித முகம் வேண்டும் என்பார். மாதிரிக்குப் பழைய அறிக்கைகளையும் அனுப்பினார். ஒரு தேசத்தில் சுரங்கத்துக்குள் இறங்கும் தொழிலாளி, இன்னொரு தேசத்தில் சம்பளமில்லாமல் கப்பலில் மாட்டிக்கொண்ட மாலுமி, வேறொரு தேசத்தில் சட்டை தைக்கும் பெண். ஒவ்வொருவருக்கும் ஒரு பெயர், பெயருக்குப் பக்கத்தில் ஒரு நட்சத்திரக் குறி, பக்கத்தின் அடியில் பொடி எழுத்தில் 'பெயர் மாற்றப்பட்டுள்ளது'. கைகளில் தொடங்க வேண்டும், சாப்பாட்டைச் சொல்ல வேண்டும், மூன்றாவது பத்தியில் கண்ணீர் வர வேண்டும் என்று அவற்றைப் படித்தே கற்றுக்கொண்டேன். எனக்கு அது நன்றாகவே வந்தது என்பதுதான் கேவலம்.

அந்தப் பெண்ணின் ஊரைச் சொல்ல மாட்டேன். மூன்று பஸ் மாற வேண்டிய தூரத்து ஊர், அவ்வளவு போதும். தூரத்துப் பெண் என்றே சொல்கிறேன். பத்தொன்பது வயது. தீபாவளி லீவுக்கு ஊருக்குப் போகும் வழியில், செட்டியார்பட்டியில் எனக்குத் தெரிந்த ஒரு வீட்டுக்கு அவளை வரச் சொல்லியிருந்தேன். விசைத்தறி ஓடும் வீடு. தறிச் சத்தத்தில் பேசுவது தெருவுக்குக் கேட்காது என்பதால்தான் அந்த வீடு.

அவள் பையை மடியில் வைத்துக்கொண்டே பேசினாள். பத்து நிமிஷம் சாப்பாடு, குளிக்கிற தண்ணீர், ஞாயிற்றுக்கிழமை வார்டன் பக்கத்தில் நிற்க வீட்டுக்குப் போன் என்று எல்லாம் எனக்குத் தெரிந்த விஷயங்களாகவே சொல்லிக்கொண்டு வந்தாள். பிறகு சூப்பர்வைசர் பற்றிச் சொன்னாள்.

"இழை அறுந்தா குனிஞ்சுதான்க்கா ஒட்டணும். அந்தாளு அதுக்குன்னே பின்னால வந்து நிப்பான்" என்றாள். அதற்குப் பிறகு நடந்ததையும் சொன்னாள். அதை ஒரு முறை ஆங்கிலத்தில் எழுதிக் கெடுத்தாயிற்று, தமிழில் வேண்டாம். குளிக்கப் போகும் இடத்துக்கும் அவன் வருவான் என்றும், அதனால் தோழி ஒருத்தி வாசலில் காவல் நிற்பாள் என்றும் சொன்னாள்.

முடித்ததும் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"எம் பேரு வராதுல்லக்கா? எங்கப்பாவுக்குத் தெரிஞ்சா என்னையத்தான் அடிப்பாரு."

"வராது. சத்தியமா வராது" என்றேன். ஒப்புதல் படிவத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு பஸ்ஸுக்கு ஓடினாள்.

அன்று சாயங்காலமே எழுத உட்கார்ந்தேன். படிவத்தில் மாற்றுப் பெயருக்கு ஒரு கட்டம் உண்டு. எங்கள் ஊரில் ஆண்டாளுக்குப் பல பெயர்கள். அதில் ஒன்றைப் போட்டேன். ஸ்ரீவில்லிபுத்தூரில் அந்தப் பெயர் இல்லாத தெரு கிடையாது. சன்னதித் தெருவில் வைப்பார்கள், ரத வீதிக் கடைக்காரர்கள் வைப்பார்கள், ராஜபாளையத்தில் தெலுங்கு பேசும் வீடுகளிலும் வைப்பார்கள். என் வகுப்பிலேயே ஒரே வருஷத்தில் மூன்று பேர் இருந்திருக்கிறார்கள். என் அக்காவுக்கும் அதுதான் பெயர். கடைத்தெருவில் நின்று கூப்பிட்டால் நாலு பேர் திரும்பிப் பார்ப்பார்கள். இதைவிடப் பத்திரமான பெயர் உலகத்தில் உண்டா என்று நினைத்தேன்.

ஆசிரியர் அம்மாளுக்கு அந்தப் பெயர் ரொம்பப் பிடித்துப்போயிற்று. அர்த்தம் கேட்டார். பூமாலை, துளசித் தோட்டம், கோபுரம் என்று நான் ஒரு பத்தி எழுதி அனுப்பினேன். அதையும் அப்படியே அறிக்கையில் சேர்த்தார்கள். தெய்வத்தின் பெயர் கொண்ட பெண்ணுக்கு மில்லில் நேர்ந்த கதி என்று அந்தப் பக்கத்துக்கே ஒரு தனி அழகு வந்துவிட்டது. படித்துவிட்டு எனக்கே கண் கலங்கியது. அந்தக் கண்ணீரை இப்போது நினைத்தாலும் அருவருப்பாக இருக்கிறது.

அறிக்கை வெளிவந்தது. மில்லின் பெயர் அதில் இல்லை, ராஜபாளையம் வட்டாரத்தில் ஒரு மில் என்று மட்டும் இருந்தது. ஒரு தமிழ்ப் பத்திரிகை அதைச் சுருக்கி அரைப் பக்கம் போட்டது. இடம் போதவில்லையோ என்னவோ, நட்சத்திரக் குறியும் இல்லை, பொடி எழுத்தும் இல்லை. பெயர் மட்டும் கொட்டை எழுத்தில் இருந்தது. அந்தத் துண்டைப் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் சுற்றவிட்டார்கள். எங்கள் கல்லூரிக் குழுவுக்கே மூன்று முறை வந்தது. எழுதியது யாரென்று தெரியாமல் ஒரு சக ஆசிரியை எனக்கே அனுப்பி, அழுகிற பொம்மையும் போட்டிருந்தார். எனக்குப் பெருமைதான்.

ஒரு வாரம் கழித்து தூரத்துப் பெண் யாருடைய போனிலிருந்தோ பேசினாள்.

"அக்கா, அவளை அனுப்பிட்டாங்கக்கா."

"யார?"

பெயரைச் சொன்னாள். நான் அறிக்கையில் வைத்த அதே பெயர். முதலில் இவள் அறிக்கையைப் பற்றி ஏதோ சொல்கிறாள் என்று நினைத்தேன். "அது நான் உனக்குப் போட்ட பேருடி" என்றேன்.

"இல்லக்கா. அந்தப் பேர்ல எங்க ஹாஸ்டல்ல நெசமாவே ஒருத்தி இருக்கா. ஒரே ஒருத்திதான் இருக்கா. இங்க பக்கத்துல தேவதானத்துக்காரி."

பத்திரிகையில் வந்த அன்றைக்கே இந்த வட்டாரத்தில் எல்லா மில் ஆபீஸிலும் ரிஜிஸ்டரைப் புரட்டியிருப்பார்கள். இந்த மில்லில் புரட்டியபோது அந்தப் பெயரில் ஒருத்தி அகப்பட்டாள். பத்துப் பேர் இருப்பார்கள் என்று நான் நினைத்த இடத்தில் ஒருத்தி. காரணம் எனக்குத் தெரியாததல்ல. விடுதிக்கு மில்காரர்கள் உள்ளூர்ப் பெண்களை எடுப்பதில்லை. உள்ளூர்ப் பெண் கோபம் வந்தால் நடந்தே வீட்டுக்குப் போய்விடுவாள் என்று தூரத்து மாவட்டங்களிலிருந்து, வடக்கே வேறு மாநிலங்களிலிருந்து கொண்டுவருகிறார்கள். அந்த ஊர்களில் யார் எங்கள் ஆண்டாளின் பெயரை வைக்கப் போகிறார்கள்? இதை அறிக்கையின் நாலாம் பக்கத்தில் நானே எழுதியிருக்கிறேன். ஆறாம் பக்கத்தில் பெயர் வைக்கும்போது நாலாம் பக்கம் எனக்கு ஞாபகம் வரவில்லை. ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரிக்கு உலகமே ஸ்ரீவில்லிபுத்தூர்.

தேவதானத்துப் பெண்ணின் அம்மாவும் அப்பாவும் கேரளத்தில் ஏலத் தோட்டத்தில் வேலை பார்ப்பவர்கள். வீட்டில் துணைக்கு ஆளில்லாததால் அவளை மட்டும் சிபாரிசின் பேரில் விடுதியில் சேர்த்திருந்தார்கள். தை மாதக் கடைசியில் அவளுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. மாப்பிள்ளை சுந்தரபாண்டியத்துக்காரர், லோடு ஆட்டோ ஓட்டுகிறவர். மில்லில் அவளை வெளியே அனுப்பிய கையோடு சேதி சுந்தரபாண்டியத்துக்கும் போய்விட்டது. மில்லுக்கு அவள் கெட்ட பெயர் கொண்டுவந்தாள் என்பது அவர்களுக்குப் பொருட்டில்லை. சூப்பர்வைசர் தொட்ட பெண் என்பதுதான் பேச்சு.

"நா போய் அது நாந்தான்னு சொல்லிரவாக்கா?" என்று தூரத்துப் பெண் போனில் கேட்டாள்.

"வேண்டாம். நீ வாயைத் திறக்கக் கூடாது" என்றேன். அவளுக்காகத்தான் சொன்னேன். ஆனால் சொல்வதற்கு அமைப்பின் விதி ஒன்று கையில் இருந்ததில் எனக்கு நிம்மதியாகவும் இருந்தது. அதை மறைக்க விரும்பவில்லை.

அன்று பழைய பதிவை எடுத்துக் கேட்டேன். தறிச் சத்தத்துக்கு நடுவே தூரத்துப் பெண்ணின் குரல். குளிக்கும் இடத்தில் தோழி காவல் நிற்பாள் என்று சொல்லும் இடம் வந்தது. தோழியின் பெயரையும் அவள் தெளிவாகச் சொல்லியிருக்கிறாள். அதே பெயர். இரண்டு தடவை சொல்லியிருக்கிறாள். பிறந்த நாளிலிருந்து அந்தப் பெயரைத் தெருவெல்லாம் கேட்டு வளர்ந்த எனக்கு அது காதில் விழுந்தும் விழவில்லை. கோயிலை நினைத்து நான் தேர்ந்தெடுத்ததாகப் பெருமைப்பட்ட பெயர், அந்தப் பெண்ணின் வாயிலிருந்து என் காதுக்கு வந்து, அப்படியே பேனாவுக்கு இறங்கியிருக்கிறது. பதிவை நிறுத்திவிட்டு அழுதேன். இந்த முறை எழுத்தின் அழகுக்காக இல்லை.

அமைப்புக்கு எழுதினேன். அந்தப் பெயர் கொண்ட பெண்ணுக்கும் அறிக்கைக்கும் சம்பந்தமில்லை என்று ஒரு வரி வெளியிடுங்கள், எங்களூர்ப் பத்திரிகைக்கும் அனுப்புங்கள் என்று கேட்டேன். மறுநாளே பதில் வந்தது, மிகவும் கனிவான பதில். வாக்குமூலம் கொடுத்தவர் யார் என்பதையோ யார் இல்லை என்பதையோ அவர்கள் வெளியில் சொல்வதில்லையாம். ஒருவரை இல்லை என்று சொன்னால் மிச்சமிருப்பவர்களில் தேடுவது எளிதாகிவிடுமாம். இந்தச் சூழ்நிலையில் என் மனநலத்தைப் பார்த்துக்கொள்ளும்படியும், தேவைப்பட்டால் ஆலோசகர் ஒருவரிடம் பேச ஏற்பாடு செய்வதாகவும் சொல்லியிருந்தார்கள். கடைசியில் அறிக்கையை எத்தனையோ நாடுகளில் படித்திருக்கிறார்கள் என்று ஒரு வாழ்த்து. அவர்கள் சொன்ன காரணத்தில் தப்புக் கண்டுபிடிக்க முடியவில்லை. அதுதான் இன்னும் எரிச்சலாக இருந்தது.

சுந்தரபாண்டியத்துக்கு நானே போனேன். கல்லூரிக்கு லீவு போட்டுவிட்டு, நல்ல காட்டன் சேலை கட்டிக்கொண்டு, டீச்சர் சொன்னால் கேட்பார்கள் என்ற நம்பிக்கையில் போனேன். மாப்பிள்ளையின் அம்மா வாசலில் நெல் காயப் போட்டுக்கொண்டிருந்தார். உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுத்தார். மாப்பிள்ளை உள்ளேதான் இருந்தார், வெளியே வரவில்லை.

நான் விஷயத்தைச் சொன்னேன். பத்திரிகையில் வந்தது அந்தப் பெண்ணின் கதை இல்லை, எழுதியது நான், பெயரை நானாக வைத்தேன் என்றேன்.

"நீங்களா வச்சீய?"

"ஆமா."

"எம் மருமகளா வரப்போற பிள்ள பேரு ஒங்களுக்கு எப்படித் தெரியும்?"

"தெரியாது. பொதுவா ஒரு பேரு வச்சேன். நம்ம ஊர்ல எல்லாரும் வைக்கிற பேருதானே."

அவர் நெல்லைக் காலால் தள்ளிவிட்டார்.

"சரிம்மா. அந்தப் பிள்ள இல்லன்னு சொல்லுதீய. அப்ப எந்தப் பிள்ள?"

நான் தண்ணீர்ச் சொம்பைக் கீழே வைத்தேன்.

"பேரு வேண்டாம். எந்த ஊருன்னு சொல்லுங்க. செத்த நேரத்துல நா விசாரிச்சுக்கிடுதேன். மனசு ஆறிரும்லா."

"சொல்ல முடியாதும்மா. வாக்குக் குடுத்திருக்கேன்."

"நல்லா இருக்கு ஒங்க வாக்கு" என்றார். குரலை உயர்த்தவே இல்லை. "ஒரு பிள்ளைக்குப் பொய்ப்பேரு வச்சு ஊரையெல்லாம் நம்ப வச்சீய. இப்ப வந்து இது நெசம்னு சொல்லுதீய. எத நம்புறதுக்கு? மில்லுக்காரன் காசு குடுத்து அனுப்புனானா, அவிய வீட்டுல அழுது அனுப்புனாவளா, எனக்கு என்ன தெரியும்?"

உள்ளே இருந்து ஒரு செருமல் கேட்டது. அவ்வளவுதான் மாப்பிள்ளையின் பங்கு. நான் எழுந்து வந்துவிட்டேன். அந்த அம்மாள் மேல் கோபப்படக் காரணம் தேடிப் பார்த்தேன், ஒன்றும் அகப்படவில்லை. அந்தக் கோபத்தை எல்லாம் பஸ்ஸில் காலை மிதித்த ஒருவர் மேல் காட்டினேன்.

நிச்சயம் முறிந்தது. தை போனது. சித்திரையில் தூரத்துப் பெண் மில்லை விட்டு ஊருக்குப் போய்விட்டாள். அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை, இப்போது வேறு வேலையில் இருக்கிறாள். அதனால்தான் இதை எழுத முடிகிறது. சூப்பர்வைசர் அதே மில்லில் இருக்கிறான் என்று கேள்வி. நான் அமைப்பின் வேலையை விட்டேன். விட்டதைப் பெரிய தியாகமாக யாரும் நினைக்க வேண்டாம், எழுத உட்கார்ந்தால் கை வரவில்லை. வெளிநாட்டு அறிக்கை ஏதாவது கண்ணில் பட்டால் கதையைப் படிப்பதில்லை. நட்சத்திரம் போட்ட பெயரைப் பார்த்து, அந்த ஊரில் அந்தப் பெயர்க்காரி யார், இப்போது எங்கே இருக்கிறாள் என்றுதான் யோசிக்கிறேன்.

தேவதானத்துக்குப் போகத் தைரியம் வர எனக்கு ஆவணி ஆயிற்று. அந்தப் பெண் வயலில் களை எடுத்துக்கொண்டிருந்தாள். வரப்பில் நின்று நான் யாரென்று சொன்னேன். கூட இருந்த பெண்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். அவள் கையைக் கழுவிக்கொண்டு வரப்புக்கு வந்தாள். திட்டுவாள், அடிக்கக்கூட அடிப்பாள் என்று நினைத்திருந்தேன். உண்மையைச் சொன்னால், அடித்தால் தேவலை என்று நினைத்துத்தான் போயிருந்தேன்.

"பதிவைத் திரும்பக் கேட்டேன். உன் பேரை அவ சொன்னது என் காதுல விழவே இல்லம்மா" என்றேன். மன்னிப்பும் கேட்டேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

அவள் ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டாள். "ஆபீஸ்ல என்னைய உக்கார வச்சுக் கேட்டாவக்கா" என்று வேறு எங்கிருந்தோ ஆரம்பித்தாள். "நீ இல்லன்னா யாருன்னு சொல்லிரு, ஒன்னைய வச்சுக்கிடுதோம்னாவ. அந்தப் பேப்பர வாசிச்சும் காட்டுனாவ. குளிக்கிற எடம்னு வந்ததுமே எனக்குத் தெரிஞ்சு போச்சு, அவதான்னு. வாசல்ல நின்னதே நாந்தான."

"சொல்லலியா?"

"எப்படிச் சொல்ல? அவிய அப்பா கொன்னுருவாரு." கல்யாணம் நின்ற பிறகும் சொல்லவில்லை. அம்மா கேட்டும், மாப்பிள்ளை வீட்டிலிருந்து பெரியவர்கள் வந்து கேட்டும் சொல்லவில்லை. எந்தப் படிவத்திலும் அவள் கையெழுத்துப் போடவில்லை, யாருக்கும் வாக்குக் கொடுக்கவில்லை. வாக்குமூலம் தந்தவரைக் காட்டிக்கொடுக்கக் கூடாது என்று அமைப்பு எங்களுக்கு நடத்திய பயிற்சி வகுப்புகளில் அவள் உட்கார்ந்ததே இல்லை.

இதை எழுதட்டுமா என்று கேட்டேன். "எழுதுங்க. தேவதானத்துப் பொண்ணு அது இல்லன்னு எழுதுங்க. ஊரப் போடலாம்" என்றாள். பிறகு, "அந்தப் பேப்பர்ல எங்கயாச்சும் அவ பேரு வந்துச்சாக்கா?"

"வரல."

"ஒங்க பேரு?"

"என் பேரும் வரல. பாதுகாப்புக்காகப் போடறதில்ல."

"பொறவு, என்ன பேரு போட்டாவ ஒங்களுக்கு?"

"பேரே போடல. உள்ளூர் ஆய்வாளர்னு மட்டும் போட்டாங்க."

அவள் என்னை முதல் தடவையாக நேராகப் பார்த்தாள். கோபத்தில் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

"பேரு போடாமலும் எழுதலாமாக்கா? அப்ப அவளுக்கும் ஒரு பொண்ணுன்னு மட்டும் போட்டிருக்கலாமே."